பருத்தி வைத்துக் கட்டிய பெட்டி

பெட்டி கட்டும் நாளில் அறிவழகன் யாரையும் கூடத்துக்குள் விடமாட்டான். மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்த பிஸ்கட் அட்டைப்பெட்டியை நடுவில் வைத்து, பருத்திச் சாக்கை அவிழ்த்துப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்காருவான். புவனேஸ்வரி வரைந்து சட்டம் போட்ட கண்ணாடி ஓவியத்தை இரண்டு கையாலும் தூக்கி ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். மயிலின் கழுத்து நீலம் அவன் கன்னத்தில் விழும். அப்போது அவன் முகம் வேறாக இருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் வேறு எதைத் தொடும்போதும் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

"அசையவே கூடாது புவனா. இறுக்கி வச்சாத்தான் கண்ணாடிக்குப் பத்திரம்" என்பான்.

பருத்தி அவர்கள் கொல்லையில் விளைந்தது. மழையில் நனைந்து மஞ்சளடித்து, வியாபாரி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் போன பருத்தி. கொட்டை எடுக்காதது. குன்னம் பக்கத்து வீடுகளில் அப்படி ஒரு சாக்காவது மூலையில் கிடக்கும். அதை அள்ளி அடியில் பரப்பி, ஓவியத்தை வைத்து, மேலேயும் பக்கங்களிலும் விரலால் திணித்துத் திணித்து அடைப்பான். அதன் பிறகு காடாத் துணியைச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்து, முடிச்சுகளில் அரக்கு வைப்பான். தையல் நேராக வரும். விலாசம் எழுதுவது மட்டும் அவள் வேலை.

வாசலில் அவன் அம்மா ஜெகதாம்பாள் முறத்தில் எதையாவது புடைத்துக்கொண்டே பேசுவாள். குரல் கூடத்துக்குள் கேட்க வேண்டும் என்றே பேசுவது.

"ஊரு ஆம்பளைங்க எல்லாம் வேலை வெட்டிக்குப் போறாங்க. எம் மவன் பொட்டி கட்டுறான். எங்கண்ணன் வந்து மாப்ள எங்க வேலை பாக்குறாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

அறிவழகன் ஊசியில் நூல் கோப்பான். அரியலூரில் லாரிகளுக்கு லோடு கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் அவன். முதலாளி தன் தங்கை மகனைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்த பிறகு வீட்டுக்கு வந்தவன்தான். எட்டு மாதம் சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். புவனேஸ்வரி பெரம்பலூர் போய், வினோதினியின் பிரவுசிங் சென்டரில் தன் ஓவியங்களை விற்பனைத் தளத்தில் ஏற்றி, முதல் ஆர்டர் வந்ததும்தான் எழுந்தான். தளத்தில் கணக்கு அவன் பெயரில். பேங்க் புத்தகமும் அவன் பெயரில். வாங்குகிறவர்களுக்கு விற்பவர் அறிவழகன். ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறவள் அவள் என்பது யாருக்கும் தெரியாது.

வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, அவள் பஸ் ஏறுவாள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது வினோதினியின் சென்டர். பலகைத் தடுப்பு போட்ட சின்னச் சின்னக் கூண்டுகள். அதில் ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும்போதுதான் அவளுக்கு மூச்சு தாராளமாக வரும். காற்றில்லாத அந்த இடத்தில் அது எப்படி என்று அவளுக்கே புரிந்ததில்லை. அங்கே யாரும் அவளை எதற்காகவும் கூப்பிடமாட்டார்கள் என்பதாக இருக்கலாம்.

முதல் பெட்டி உடைந்தது ஹைதராபாத்தில். வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருந்தார். அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அறிவழகன் பருத்திச் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினான்.

"நாங்க நல்லாக் கட்டித்தான் அனுப்பினோம், எங்க பக்கம் தப்பு இல்லைன்னு எழுது."

"ஒருவேளை பருத்தியில கொட்டை இருக்குறதால..."

"கொட்டை இருந்தாத்தான் தாங்கும். கொட்டை எடுத்தா வெறும் பஞ்சு, நசுங்கிப் போயிரும். எனக்குத் தெரியாதா?"

"தெர்மாகோல் வாங்கி வச்சா..."

"வூட்டுல பருத்தி மக்கிக்கிட்டுக் கெடக்கு, நீ காசு குடுத்து தெர்மாகோல் வாங்கு."

அவன் சொன்னபடி எழுதினாள். அந்த மனிதர் விற்பனைத் தளத்தில் அவர்களுடைய பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி 'ஏமாற்றுக்காரர்' என்று குறிப்புப் போட்டார். அதையும் அவள் வந்து சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தான். விஷயத்தைத் தோண்டி வாங்கிக்கொண்ட ஜெகதாம்பாள், "பொட்டியாவது ஒழுங்காக் கட்டத் தெரியுதா?" என்றாள். அவன் காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா இந்தத் தொழிலே வேணாம். நிறுத்திடலாம். நீயும் டவுனுக்கு அலைய வேண்டாம்."

இரண்டு வாரத்தில் நாக்பூரிலிருந்து தளத்தில் ஒரு கடிதம் வந்தது. அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கென்று ராதை கிருஷ்ணன் ஓவியம் வாங்கிய பெண். கோபமில்லாமல் எழுதியிருந்தாள். 'பிரித்ததும் உடைந்த கண்ணாடியைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை வரைந்தவர்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.' கீழே தளத்தின் நிபந்தனை சிவப்பில் இருந்தது: விற்பவர் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் கணக்கு மூடப்படும்.

புவனேஸ்வரி கூண்டுக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சொன்னால் தொழில் நிற்கும். சொல்லாமல், எங்கள் தப்பு இல்லை என்று மறுபடி எழுதினால் கணக்கு மூடப்படும். அப்போதும் தொழில் நிற்கும். எப்படிப் போனாலும் வியாழக்கிழமை இல்லாமல் போகும். அதைவிட, அவன் மறுபடி சட்டை மாற்றாமல் உட்கார்ந்துவிடுவான். அந்த எட்டு மாதத்தை இன்னொரு முறை பார்க்க அவளால் முடியாது.

"என்னக்கா, செத்துப்போன மாதிரி உக்காந்திருக்கீங்க?" வினோதினி தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். வாயில் எப்போதும் ஏதாவது மெல்லுவாள்.

புவனேஸ்வரி சொன்னாள்.

"அண்ணன்கிட்ட சொல்ல மாட்டீங்க. குடுக்கக் கையிலயும் இல்ல. அப்ப டைப் அடிங்க. இஞ்சினியரிங் காலேஜ் பசங்க புராஜெக்ட் ரிப்போர்ட் மலை மாதிரி கெடக்கு. நீங்க அடிச்சுக் குடுங்க, நான் அந்தம்மாவுக்கு மணியார்டர் பண்ணிடுறேன், சென்டர் பேர்லயே."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"தெரியுறதுக்கு நான் என்ன உங்க வூட்டுக்கு வெத்தலை பாக்கு வச்சா சொல்லப் போறேன்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. யாரோ ஒரு மாணவன் கொதிகலனைப் பற்றி எங்கிருந்தோ பார்த்து எழுதியதை அவள் அடித்தாள். முதலில் விரல் வலித்தது. பிறகு அதில் ஒரு சுகம் இருந்தது. நாக்பூர்ப் பெண்ணுக்கு அவள் எழுதிய பதிலில் பொய் இல்லை: 'தப்பு எங்களுடையது. பணம் வந்து சேரும்.' தான் சொன்ன சொல் நிற்கும்படி தன்னால் ஒன்று செய்ய முடிகிறது என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

பணம் கிடைத்ததும் அந்தப் பெண் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினாள். 'திரு. அறிவழகன் போன்ற நேர்மையான மனிதரை இந்தக் காலத்தில் பார்ப்பது அரிது.'

புவனேஸ்வரி அதை இரண்டு முறை படித்தாள். நெஞ்சில் ஏதோ குத்தியது. பொறாமைதான். சொந்தப் புருஷன்மேல், அவன் செய்யாத ஒன்றுக்காக. அவன் பெயருக்குள் இருந்துகொண்டுதான் தன்னால் நல்லவளாக இருக்க முடிகிறது என்று நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது அந்த நினைப்பை உதறிவிட்டாள். வீட்டில் போய், உடைந்ததைச் சொல்லாமல், பாராட்டை மட்டும் சொன்னாள்.

"நேர்மையான மனிதரா? எம் பேரப் போட்டா?"

"உங்க பேரப் போட்டுத்தான்."

"இன்னொருவாட்டி சொல்லு."

சொன்னாள். அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

எல்லாப் பெட்டியும் உடையவில்லை. சென்னை, கோயம்புத்தூர் போனவை தப்பித்தன. தூரம் போனவற்றில்தான் கண்ணாடி விரிசல் விட்டது. அழுந்திய இடத்திலெல்லாம் ஒரு கொட்டை இருந்து, அங்கிருந்து நட்சத்திரம்போல் கீறல் ஓடியிருக்கும். வாங்கியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். அவன் இன்னும் இறுக்கித் திணித்தான். அவள் இன்னும் நேரம் டைப் அடித்தாள். பஸ் கிடைக்கவில்லை, கரண்டு இல்லை என்று வீட்டில் சொன்னாள். பாராட்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் அவள்தான் சம்பாதித்தாள். ஒவ்வொன்றையும் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க, அடுத்ததைச் சொல்லாமல் இருக்க வேண்டிய கட்டாயம் கூடிக்கொண்டே போனது. இப்போது பருத்தியைப் பற்றி வாய் திறந்தால், "இத்தனை பேரு நல்லா வந்துச்சுன்னு எழுதுறாங்க, நீ மட்டும் என்ன குத்தம் கண்டுபுடிச்ச?" என்று கேட்பான். நியாயமான கேள்வி. அந்த நியாயத்தைத் தன் கையாலேயே உட்கார்ந்து செய்திருந்தாள்.

ஜெகதாம்பாளின் குரல்கூட மாறிவிட்டது. எதிர்வீட்டு ஆண்டாயியிடம் அவள் சொல்வது வாசலில் கேட்டது.

"எம் மவன் கட்டுற பொட்டி டெல்லி வரைக்கும் அலுங்காமப் போவுதுடி. ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு திரும்பி வந்திருக்குமா? கை அப்படி."

"அதுக்கென்ன, ஒங்க மாமனாரு கை. வைக்கப்போர் போட்டாருன்னா புயலுக்குச் சாயாதே" என்றாள் ஆண்டாயி.

அறிவழகன் உள்ளே தைத்துக்கொண்டிருந்தான். ஊசி ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

சித்திரை மாதத்தில் ஒருநாள் அவன் திருச்சியிலிருந்து டெம்போவில் வந்து இறங்கினான். பின்னால் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கம்ப்யூட்டர். பழையது. டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் இணைப்புக்கும் எழுதிக் கொடுத்திருந்தான்.

"இனிமே நீ வெயில்ல பஸ்ஸு புடிச்சு அலைய வேண்டாம் புவனா. எல்லாம் வூட்டுலயே பாத்துக்கலாம்."

அவளுக்காக வாங்கி வந்திருக்கிறான். அவன் கண் அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடியது. அவள் அதைக் கொண்டுவந்து காட்டினாள்.

"நல்ல வேலை செஞ்ச" என்றாள் ஜெகதாம்பாள். "வாராவாரம் ஒரு பொம்பளை டவுனுக்குப் போயிட்டு இருட்டுல வந்து எறங்குறது என்ன அழகு?"

அடுப்படிக்குப் போய்ப் புவனேஸ்வரி தண்ணீர் குடித்தாள். சொம்பு காலியான பிறகும் உதட்டில் வைத்தபடி நின்றாள். யாராவது கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

இணைப்பு வந்த பிறகு கம்ப்யூட்டரைக் கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். காலையில் அவள் உட்கார்ந்தாள். அறிவழகன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆங்கிலத்தில் தன் பெயரை அவன் அடையாளம் கண்டுகொள்வான். மற்றதை எழுத்துக்கூட்ட வேண்டும்.

"இதோ, எம் பேரு. யாரு இது?"

"இந்தூர்க்காரங்க. மயில் வாங்குனவங்க."

"என்ன எழுதியிருக்காங்க?"

முதல் வரியிலேயே 'உடைந்து' என்ற வார்த்தை இருந்தது. அவள் கண் அதைத் தாண்டி ஓடி, மறுபடி அங்கேயே வந்து நின்றது. வினோதினி இல்லை. தடுப்புப் பலகை இல்லை. இனி டைப் அடிக்க மாடி இல்லை.

"படம் அனுப்பியிருக்காங்க" என்றாள்.

"படமா? சுவத்துல மாட்டிப் படம் புடிச்சு அனுப்பியிருப்பாங்க. அம்மா! இங்க வா, நம்ம மயிலு டிவியில வருது!"

ஜெகதாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டே வாசல்படியில் வந்து நின்றாள். கண்ணில் புரை; தூரத்திலிருந்து அவளுக்கு வெளிச்சம் மட்டுமே தெரியும்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் யார் வீட்டுத் தரையோ. பிறகு அட்டைப்பெட்டியின் விளிம்பு. பிறகு காடாத் துணியில் அவன் தைத்த நேரான தையல், வெட்டிப் பிரித்திருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும். இணைப்புப் போய்விட்டது என்று சொல்லலாம், அவன் நம்புவான். அவள் விரல் அதன்மேல்தான் இருந்தது. எல்லா வாரமும் அவள் சொன்னதை நம்பியவன் அவன்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மயிலின் தலை வந்தது. கழுத்து வந்தது. கழுத்துக்குக் கீழே நீலம் நான்காகப் பிரிந்திருந்தது. பிளவுகளுக்கு நடுவில் மஞ்சளடித்த பருத்தி, அதற்குள் கறுப்புக் கறுப்பாகக் கொட்டைகள்.

அறிவழகன் முன்னால் சாய்ந்தான். திரையை விரலால் தொட்டான்.

"இது நம்ம பருத்தி."

அவள் தலையாட்டினாள்.

அவன் விரல் ஒரு கொட்டையிலிருந்து கிளம்பிய கீறலைப் பின்பற்றிப் போய், அடுத்த கொட்டையில் நின்றது. அங்கிருந்து இன்னொன்றுக்கு. ஊசி பிடித்த கை, அவசரமில்லாமல் போனது. அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இதுக்கு முந்தியும் இப்படி வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

எத்தனை என்று அவன் கேட்கவில்லை. எப்படிச் சமாளித்தாய் என்றும் கேட்கவில்லை. திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"என்னடா, மயிலு வந்துருச்சா?" வாசல்படியிலிருந்து ஜெகதாம்பாள் கேட்டாள். "என்னா சொல்றாங்க?"

அறிவழகன் நாற்காலியைச் சற்று நகர்த்தி, தன் தோள் திரையை மறைக்கும்படி உட்கார்ந்தான்.

"நல்லாப் போயிச் சேந்துருச்சாம்மா" என்றான். "அலுங்காம."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஆண்டாயி வீட்டுப் பக்கம் போனாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. படம் முழுவதும் இறங்கி முடிந்திருந்தது. அவன் கை மேஜைமேல் விரித்தபடி கிடந்தது. இத்தனை நாள் அவள் ஒருத்திக்கே இடம் இருந்த அந்தப் பொய்யின் கூண்டுக்குள் அவனும் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. காற்று குறைந்தது. புவனேஸ்வரி கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.