இரண்டு விரல் இடம்

பழைய தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, நடுவில் நிறுத்தி, சுற்றிலும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாலாம்பாள் விரல்களை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐஸ் பெட்டி வந்துவிட்டது.

"எல்லி இடோது, அம்மா?" என்று வாசலிலிருந்து கேட்டான், பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவன்.

எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பால்கனியில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தாள். ஹாலில் இடமில்லை. ஜன்னலோரம், டீவிக்கு இரண்டு பக்கமும், சோபாவுக்குப் பின்னால், எங்கும் அவள் கணவர் ஜகதீசனின் செடிகள். ஜகதீசன் உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"செடியெல்லாம் வெளில மாடிப்படியில வெச்சுடலாம்," என்றார் கௌரிசங்கர், ஜகதீசனின் தம்பி. செய்தி கேட்டதும் பெங்களூரிலிருந்து போட்ட சட்டையோடு காரை எடுத்துக்கொண்டு மைசூருக்கு வந்தவர். வந்ததிலிருந்து உட்காரவில்லை. டாக்டரிடம் சான்றிதழ், காரியம் செய்துவைக்கும் வாத்தியாருக்குப் போன், மயானத்தில் நேரம் கேட்பது, எல்லாம் அவர்தான். அவரே பனையோலைபோல் விரிந்த ஒரு பாம் செடியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

காலையில் இதே பால்கனியில்தான் ஜகதீசன் உட்கார்ந்திருந்தார். பீஸ் லில்லியைத் தொட்டியிலிருந்து உருவிச் செய்தித்தாள் மேல் படுக்க வைத்திருந்தார். உள்ளே இடம் போதாமல் வேர் சுற்றிச் சுற்றி, தொட்டியின் வடிவத்திலேயே இறுகிப்போயிருந்தது. "பாலா, அந்தக் கத்திரிக்கோல எடுத்துண்டு வாயேன்," என்று குரல் கொடுத்தார். "வரேன்," என்றாள். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கத்திரிக்கோலோடு வந்தாள். அவர் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்ப்பதுபோல் இருந்தார். கையில் மண் இருந்தது.

அதன்பிறகு கீழ்வீட்டு மாதேவி ஓடி வந்ததும், பக்கத்துத் தெரு டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்ததும் வேறு யார் வீட்டிலோ நடந்த மாதிரி இருந்தது. கத்திரிக்கோல் வெகுநேரம் அவள் கையிலேயே இருந்தது. மாதேவிதான் விரல்களைப் பிரித்து வாங்கிக்கொண்டாள்.

செடியை யாரும் கவனிக்கவில்லை. இலைகள் துவண்டுகொண்டிருந்தன. பக்கத்தில் அவர் எடுத்து வைத்திருந்த காலித் தொட்டிகள் மூன்று. அகலமான பச்சைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, வெள்ளைப் பீங்கானில் ஒன்று, ஒரு மண் தொட்டி. இவற்றில் எதற்கு மாற்றுவதாக இருந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரையே கேட்டுவிடலாம் என்று தரையில் கையூன்றிப் பாதி எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. ஆரம்பத்தில் எந்தச் செடி வாங்கினாலும் பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்குவார். ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும், வளர வளர மாற்ற வேண்டாம் என்பது அவர் கணக்கு. செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தண்டு கொழகொழத்துச் செத்துப்போயின. ஏன் என்று நர்சரியில் விசாரித்து, வீட்டுக்கு வந்து அடிக்கோலால் தொட்டிகளின் வாயை அளந்து, சாப்பாட்டு நேரத்திலெல்லாம் அதையே பேசினார். அவள் சப்பாத்தி இட்டுக்கொண்டே, சரி சரி என்பாள். காதில் வாங்கியதாக நினைவே இல்லை.

"மன்னி, மண்ணுல கை வெக்கற நேரமா இது? எழுந்து வாங்கோ," என்றார் கௌரிசங்கர்.

"இருக்கட்டுமுங்க," என்றாள் மாதேவி. தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்துக்காரி. "வேரு வெளிய கெடக்குது, வெயில் வேற ஏறுது. செத்த நேரத்துல என்ன ஆயிறப் போவுது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு படிப்பக்கம் போய்விட்டார். மாதேவி அவளருகில் குந்தினாள்.

"எதுலங்க்கா வெக்கறது? இந்தப் பெருசுலயா?"

"வேண்டாம்," என்றாள் பாலாம்பாள். "நாலு விரல் போறது. அவ்வளவு பெரிசு கூடாது. வேர் போய்ச் சேராத மண்ணு தண்ணிய வெச்சுண்டே இருக்கும், காயாது. வேர் அழுகிடும்."

"அந்த வெள்ளையில?"

"அதுக்கு அடியில ஓட்டை இல்ல."

பழைய தொட்டியை எடுத்து மண் தொட்டிக்குள் இறக்கினாள். சுற்றிலும் இரண்டு விரல் நுழைந்தது. "ஒரு சைஸ்தான் கூட்டணும். இது போதும்," என்றாள். பேசுவது தன் குரல்தானா என்று இருந்தது. இத்தனையும் தனக்கு எப்போது தெரிந்தது?

மாதேவி மண்ணையும் நார்த்தூளையும் அள்ளிப் போட்டாள். பாலாம்பாள் வேர்களின் ஓரத்தைக் கையால் மெல்ல நெகிழ்த்தி, செடியை நேராகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றினார்கள். அடியில் வழிந்து வரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது ஹால் காலியாகியிருந்தது. நடுவில் பெட்டி. அதற்குள் ஜகதீசன்.

மத்தியானத்துக்கு மேல் சுஷ்மா வந்தாள். ஹைதராபாத்திலிருந்து விமானம், பிறகு காரில். படிகளில் வரிசையாக நின்ற தொட்டிகளைத் தாண்டி ஓடிவந்து, கண்ணாடி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, அப்பா," என்று அழுதாள். அழுது ஓய்ந்து அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீயும் கொஞ்சம் அழுதுடும்மா."

"வரலடி."

கௌரிசங்கர் வந்து நின்றார். "சுஷ்மா, காரியமெல்லாம் முடிஞ்சதும் அம்மாவ உன்னோட கூட்டிண்டு போயிடு. மூணு ரூம் வீட்டுல ஒருத்தியா என்ன பண்ணுவா? செடியெல்லாம் கேக்கறவாளுக்குக் குடுத்துடலாம். நாலஞ்சு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"நானும் அதான் நெனச்சேன் சித்தப்பா. வழியெல்லாம் அதே யோசனைதான்."

பாலாம்பாள் மகளைப் பார்த்தாள். "உன் வீட்டு ஹால் ஜன்னல் எந்தப் பக்கம் பாத்துருக்கு?"

"மேற்கு. எதுக்கும்மா?"

"மேற்கு வெயில் ஆகாது," என்றாள்.

சுஷ்மா சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்தார். வாத்தியார் வந்துகொண்டிருந்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்டினார்கள், மந்திரம் சொன்னார்கள், வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். சொன்னதையெல்லாம் பாலாம்பாள் செய்தாள். தூக்கியவர்கள் படியில் இறங்கும்போது, "பாத்து, பாத்து, தொட்டி," என்று யாரோ சொல்வது கேட்டது. வண்டிக் கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

வீட்டைக் கழுவிவிட்டு மாதேவி கீழே போனாள். தலைக்குக் குளித்துவிட்டுப் பாலாம்பாள் ஹாலில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே மேல்வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"இந்தப் பாம் செடிய நான் எடுத்துக்கலாமா? உங்க சித்தப்பா சொன்னாங்க."

"இல்ல ஆன்ட்டி," என்றாள் சுஷ்மா. "இருக்கட்டும். மன்னிச்சுக்கோங்க."

அந்தப் பாம் செடியை அவளே மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இது எங்கம்மா இருந்தது?"

"டீவிக்கு இந்தாண்ட."

வைத்துவிட்டு அடுத்ததைக் கொண்டுவந்தாள். அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பாலாம்பாள் இடம் சொன்னாள். ஸ்நேக் பிளான்டைக் கொண்டுவந்தபோது சுஷ்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது.

"இதுக்கும் வேற மாத்தணுமாம்மா?"

"இப்ப வேண்டாம். அதுக்கு நெருக்கமா இருந்தாத்தான் பிடிக்கும். தொட்டி விரிசல் விட்டா மாத்தலாம்."

"யாரு மாத்துவா?"

"நான்தான்," என்றாள் பாலாம்பாள்.

சுஷ்மா ஸ்நேக் பிளான்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுபடி படிக்குப் போனாள்.

இருட்டத் தொடங்கியபோது கௌரிசங்கர் திரும்பி வந்தார். குளித்த ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. தை மாதக் காற்றில் உடம்பு நடுங்கியது. மாற்றுத் துணி எதுவும் அவர் கொண்டுவந்திருக்கவில்லை. பாலாம்பாள் பீரோவைத் திறந்து, மேலே இருந்த வேட்டியையும் முழுக்கைச் சட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு அறைக்குள் போனார்.

ஜகதீசன் வாட்டசாட்டமான ஆள். தம்பி ஒல்லி. வெளியே வந்தபோது சட்டை தோளிலிருந்து சரிந்து தொங்கியது. கைகள் உள்ளே காணாமல் போயிருந்தன. செடிகளெல்லாம் பழைய இடத்தில் இருப்பதை அவர் பார்த்தார். போன் செய்ய யாரும் மிச்சமில்லை. ஏற்பாடு செய்யவும் ஒன்றும் இல்லை. ஹால் நடுவில் அப்படியே நின்றார்.

"மன்னி," என்றார். "இப்ப நான் என்ன பண்ணணும்?"

உதடுகள் கோணிக்கொண்டன. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். வெறும் சட்டைக் கைதான் வந்தது.

பாலாம்பாள் எழுந்து அவரருகே போனாள். அந்தக் கையைப் பிடித்து, நுனியை ஒரு மடிப்பு மடித்தாள். இன்னொரு மடிப்பு. விரல்கள் வெளியே தெரிந்தன.

"அந்தக் கையையும் நீட்டு, கௌரி," என்றாள்.