மூன்று ரேடியோவுக்கு ஒரே வரி

1

இந்தக் கதையில் பாதி எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது, மீதியை நேரில் பார்த்தேன். என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எழுதுங்கக்கா, ஆனா எம் பேரு வேணாம்" என்றாள். ஆகவே சத்யப்ரியா என்பது நான் வைத்த பெயர். சிவகங்கைப் பக்கத்துப் பெண். ஓசூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து மொபைல் நெட்வொர்க்கைத் திரையில் கண்காணிப்பது அவள் வேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"சூளகிரி மலைமேல் மேகம் இறங்கிய மதியத்தில், ஒரு பெண்ணின் குரல் காற்றில் கரைந்து..."

அடித்துவிட்டேன். குரல் காற்றில் கரையவில்லை. அது எங்கே போயிற்று என்பதுதான் கதையே. அழகாக எழுதித் தப்பித்துவிடப் பார்த்திருக்கிறேன்.

2

கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது. (பொறுத்துக்கொள்ளுங்கள். என் மண்டையில் ஏறவே வெகுநேரம் ஆனது.) தொழிற்பேட்டையில் இரண்டு ஆலைகளின் கூரைமேல் ஆலைக்கொரு ரேடியோ, அதாவது போன் சிக்னலை வாங்கி அனுப்பும் பெட்டி. மலையடிவாரத்து ஊரைப் பார்த்தபடி மூன்றாவது. மூன்றும் சேர்ந்து ஒரே செல். போனுக்கு ஒரே டவர் போலத்தான் தெரியும். நாம் பேசுவது சிறுசிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொன்றும் குறித்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். தாமதமானதை நெட்வொர்க் காதுவரை விடாது, கம்பெனி கேட் மூடியபின் வந்து நிற்பவரைச் செக்யூரிட்டி திருப்பி அனுப்புவதுபோல.*

* இந்த உவமையை வைத்திருக்கலாமா என்று யோசித்தேன். கதையில் ஒரு செக்யூரிட்டி வரப்போகிறார். அவர் மனம் நோகக்கூடும். வேறு கிடைக்கவில்லை.

3

கரியப்பன் (இதுவும் நான் வைத்த பெயர்தான்) அந்த ஆலைகளில் ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டி. அந்த மலையடிவாரத்து ஊர்க்காரர். மனைவி செல்லி. ஊர்ப் பண்டிகையில் கரியப்பனுக்கு அவள் அப்பாவோடு வாய்த்தகராறாகி, அதிலிருந்து மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சில்லை.

ஷிப்ட் மாறும் ஒரு மதியம் செல்லி ஊரிலிருந்து போன் செய்தாள். அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. கரியப்பன் எடுத்தார். அவள் காதில் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி செய்தாள். எடுத்தார். மறுபடியும் அப்படியே. யாரையோ கெஞ்சி ஒரு டெம்போ பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அப்பா வழியிலேயே போய்விட்டார்.

கருமாதி முடிந்ததும் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். "எங்கப்பன் உசிரு போறப்ப, போன எடுத்துக் காதுல வெச்சிக்கினு வாயத் தொறக்காத மனுசன்கூட என்னத்த வாழறது?" என்று கேட்டாளாம்.

4

ஒருமுறை ஆலைக் கூரையில் ரேடியோவைப் பார்க்கப் போனபோது சத்யப்ரியாவைக் கேட்டில் உள்ளே விட்டவர் கரியப்பன். அந்தப் பழக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அலோ அலோன்னு தொண்ட கிழியக் கத்தனேன் மேடம். அந்தாண்ட ஒண்ணுமே கேக்கல. மாமனாரோட பேச்சில்லன்னா பொண்டாட்டிகிட்டயுமா பேசாம இருப்பேன்?"

"அண்ணே, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் சத்யப்ரியா.

"அன்னிக்கி லைன் செத்துக் கெடந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்க சொன்னா நம்புவா."

5

அவள் அலுவலகத் திரையில் பார்த்தாள். அந்த நாள் பச்சையாக இருந்தது. குறையே இல்லை.

இங்கே முதல் பிரதியில் ஒரு வில்லன் வந்தான். பாலாஜி, குழுத் தலைவன், ஈவிரக்கம் இல்லாத... இல்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஒரு ரேடியோ சிவப்பானாலும் அந்த ஷிப்டில் இருப்பவர்கள் பெங்களூர் மேலிடத்துக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோவார்கள். தன் ஆட்கள்மேல் இரக்கப்பட்டு அவன் ஒரு வழி செய்தான். ஒரே செல்தானே, மூன்று ரேடியோவின் கணக்கையும் கூட்டித் திரையில் ஒரே வரி போதும். எல்லாருக்கும் நிம்மதி, சத்யப்ரியாவுக்கும்தான். ஆலைகளில் ஆயிரக்கணக்கான போன்கள். மலையடிவாரத்தில் சில வீடுகள். அங்கே எல்லாமே தாமதமானாலும் அந்த வரி சிவக்காது.

அவள் கேட்டதும் பாலாஜி மறுபேச்சில்லாமல் பிரித்துக் கொடுத்தான். மலைப்பக்கத்து ரேடியோ ஷிப்ட் மாறும் நேரத்தில் தாமதமாகிறது. இப்போது தெரிகிறது. அந்த மதியத்துக்குக் கூட்டிய கணக்கு மட்டுமே இருக்கிறது. தனிக்கணக்கை யாரும் சேமிக்கவில்லை.

"இப்ப லேட்டாகுதுன்னு சொல்லலாம்க்கா. அன்னைக்கும் லேட்டாச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லிட்டாத்தான் என்ன?"

"பச்சைன்னு ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிட்டோம். இன்னொண்ணுமா?"

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கரியப்பன் நின்ற நிற்பை அவளும்தானே பார்த்தாள்.

6

முடிவு, ஒன்று: சத்யப்ரியா பொய் சொல்கிறாள். செல்லி வீடு திரும்புகிறாள். (எழுதிவிட்டு அழுதேன். பிறகு, என்றாவது ஒருநாள் செல்லிக்கு விஷயம் தெரியவந்தால் என்று நினைத்து நிறுத்திவிட்டேன்.)

முடிவு, இரண்டு: தெரிந்ததை மட்டும் சொல்கிறாள். "அப்படி இருந்திருக்கலாம்." செல்லி, "இருக்கலாம்னா?" என்று

இதற்குமேல் பேனா ஓடவில்லை.

7

உண்மையில் நடந்தது இது. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப்பக்கம் செல்லியின் அண்ணன் வீட்டுக்கு நானும் சத்யப்ரியாவும் பஸ்ஸில் போனோம். கரியப்பன் கூடவே வந்தார், ஆனால் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டார். செல்லி தண்ணீர் கொடுத்துவிட்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். இளைத்திருந்தாள். சத்யப்ரியா மூன்று ரேடியோவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

செல்லி கையமர்த்தினாள். "அதெல்லாம் எனக்குப் புரியாதும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கி அந்த மனுசன் பேசுனானா, இல்லியா?"

சத்யப்ரியா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், அவள் சொன்னது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். வேண்டாம். நீங்களும் இந்த வாசலுக்கு வாருங்கள். இவ்வளவு நேரம் படித்ததில் செல்லியின் புருஷனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். செல்லி உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். சொல்லுங்கள்.