கஸ்பர் கொடுத்த பூசைக் கருத்து

"லண்டனுக்கு மேற்படிப்புக்காகச் செல்லும் தங்கள் மகள் யூஜினாவின் நல்வாழ்வுக்காக, கஸ்பர், மரியநாயகி குடும்பத்தினர் இத்திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறார்கள்."

ஃபாதர் சீட்டைப் பார்த்து வாசித்து முடித்ததும் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மொத்தமும் திரும்பி யூஜினாவைப் பார்த்தது. மன்றாட்டு வாசிப்பது அன்று அவள் முறை. எழுதிய தாளை மடியில் வைத்தபடி முன்வரிசையில் இருந்தவளுக்குக் காது சூடேறியது. லண்டன்தான் என்று அவள் எப்போது முடிவு சொன்னாள்?

இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது என்று மட்டும்தான் வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொன்னாள். லண்டனில் ஒரு வருட முகாமைத்துவப் படிப்பு. அசாமில் இரண்டு வருடத் தேயிலைப் படிப்பு. இரண்டுக்கும் உதவித்தொகை உண்டு. திங்கட்கிழமைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் எழுத வேண்டும். கஸ்பர் முதல் பாதியைக் கேட்டார், இரண்டாம் பாதிக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு ஃபாதரிடம் ஓடிவிட்டார். அவசரக்குடுக்கை. நல்ல காரியம் எதுவும் முதலில் கோயிலில் வாசிக்கப்பட வேண்டும் அவருக்கு. வாசித்துவிட்டால் அது நடந்தே தீரும் என்பது அவருடைய கணக்கு. இனி லண்டன் இல்லையென்றால், அது சாமிக்கே கொடுத்த வாக்கை மீறியதாகிவிடும்.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. யூஜினாவின் மனம் ஏழாம் நம்பர் மலைக்குப் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மழையே இல்லாத மாசி மாதத்தில், அந்த மலையின் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டச் சொன்னார்கள், புதுத் துளிர் விடக் கிளைகளை வெட்டித் தள்ளும் வேலை. இருபது வருடமாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கஸ்பர், "வேர்ல சத்து இல்லீங்க, மழை விழட்டும்" என்றார். உதவி மேனேஜர், அதாவது தோட்டத்துச் சின்னத்துரை, வெட்டச் சொன்னால் வெட்டு என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். கம்பஸ் விடுமுறையில் வந்திருந்த யூஜினா ஒரு வேரைக் கிள்ளி அயடின் விட்டுப் பார்த்தாள். சத்து இருந்தால் கறுத்திருக்கும். மஞ்சளாகவே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். படியிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். வெட்டினார்கள், பாதி மலை பட்டுப்போனது. கஸ்பரின் கத்திதான் சரியில்லை என்று எழுதி, அவரைப் புல்லு வெட்டப் போட்டார்கள்.

அதே லண்டன் படிப்பை முடித்த, இதே தோட்டத்து ஷிராணி அக்கா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நல்ல வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யூஜினாவுக்கு வேண்டியது வேறு. எப்போது வெட்ட வேண்டும் என்று சொல்கிற வேலை அவளுக்கு வேண்டும். இந்தத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த ஒருவருக்கும் அந்த வேலை இதுவரை கிடைத்ததில்லை.

மன்றாட்டு நேரம் வந்ததும் எழுந்து முன்னால் போய் நின்றாள். திருச்சபைக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக என்று தாளில் இருந்ததை வாசித்தாள். பிறகு தாளை மடித்தாள்.

"லண்டனுக்கு அல்ல, அசாமுக்குத் தேயிலை படிக்கப் போகும் யூஜினாவுக்காக. அவள் திரும்பி வந்து இதே தோட்டத்தில் சின்னத்துரை வேலையைக் கேட்கும்போது, தலை குனியாமல் கேட்க வரம் தர வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். வருடக்கணக்கில் பழகிய வாய்கள், காது புரிந்துகொள்வதற்கு முன்பே சொல்லிவிட்டன. தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் ஜீவராஜும் சொன்னார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஃபாதர் மட்டும் கீழே பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் மழை தூறிக்கொண்டிருந்தது. ஜீவராஜ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, லண்டன்னு போட்டா எந்தக் கம்பெனியும் கூப்புட்டுப் பேசுவான். அசாம்னா யாரு மதிப்பா? இருபத்தெட்டு வருசமா ஆபீஸ்ல இருக்கேன். லயத்துப் புள்ள யாரும் அந்த நாக்காலில ஒக்காந்து நான் பாத்ததில்ல."

"பாக்கத்தானே போறீங்க, ஐயா."

கஸ்பர் தன் பெரிய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில்தான் வாய் திறந்தார்.

"தேயிலைய விட்டு வெளிய போகத்தானே ஒன்னைய படிக்க வச்சேன்? சுத்திச் சுத்திச் சுப்பர் கொல்லைக்குள்ளயே வந்து நிக்கிற. அதும் இந்தியாவுக்கு! அங்கயிருந்துதானே நம்ம பாட்டன் பூட்டனையெல்லாம் வெள்ளக்காரனுங்க இந்தத் தோட்டத்துக்கு ஓட்டிக்கிட்டு வந்தானுங்க?"

"அவங்கள கூட்டிட்டு வந்தாங்கப்பா. நான் நானாப் போறேன்."

"வேலை குடுக்கலன்னா?"

"திரும்பவும் கேப்பேன். இங்க இல்லன்னா பக்கத்துத் தோட்டத்துல கேப்பேன். ஏழாம் நம்பர்ல செத்தது ஒங்க கத்தியாலன்னு எழுதி வச்சிருக்காங்கள்ல, அதை அடிச்சு அழிக்கிற வரைக்கும் கேப்பேன்."

கஸ்பர் குடையை அவள் பக்கம் சாய்த்தார். பின்னால் வந்த அம்மா மரியநாயகி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, "நடங்க, நனையுது" என்றாள்.

வளைவு தாண்டினால் தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களா. துரைக்கு முன்னால் குடை பிடிக்கக் கூடாதென்று அந்த இடத்தில் கஸ்பர் குடையை மடக்கிவிடுவார். மழை எவ்வளவு கொட்டினாலும் அப்படித்தான். அவருடைய அப்பா மடக்கினார், அவரும் மடக்குகிறார். மடக்கச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை. கை தானாகப் போகும். சின்ன வயதில் அந்த இடத்தில் நனைந்துதான் யூஜினா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

பங்களா கேட் தெரிந்தது. வராந்தாவில் யாரோ உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பரின் கட்டைவிரல் குடைக்காம்பின் விசைக்குப் போனது. யூஜினா நெருங்கி வந்து அவர் தோளோடு தோளாக நடந்தாள்.

மழை வலுத்தது. விரல் விசையின் மேலேயே இருந்தது. கேட்டுக்கு நேராக வந்துவிட்டார்கள், குடை இன்னும் விரிந்தே இருந்தது.