ஆறு மணி வண்டியும் அந்தோணிசாமியின் அறிக்கையும்

சைகோனில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு அரியாங்குப்பத்துக்குத் திரும்பிய அந்தோணிசாமி, ஒரு தகரப் பெட்டி, ஒரு தொப்பி, ஒரு திறமை ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார். ஒரு வியாபாரம் ஏன் ஓங்குகிறது, பக்கத்து வியாபாரம் ஏன் படுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அந்தத் திறமை. அங்கே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் இதற்கென்றே தனி அறை இருந்ததாகவும் அதில் தாம் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். உட்கார்ந்து என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனி இப்போது எப்படி நடக்கிறது என்று ஒருவர் விசாரித்ததற்கு, மூடிவிட்டார்கள் என்று சுருக்கமாகச் சொன்னார்.

பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் விட்டுக்கொண்டிருந்த அமீர் ஹம்சாவுக்கு அப்படி ஒருவர்தான் தேவைப்பட்டார். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. வழியில் சுங்கச் சாவடிகள் போயின. போன வேகத்தில் போட்டி வந்தது. சம்மந்தம் என்பவர் பஞ்சு மெத்தை இருக்கைகளோடு புது பஸ் ஒன்றை இறக்கினார். இரண்டு வண்டிகளும் காலை ஆறு மணிக்கே கிளம்பின. பொங்கலுக்குப் பிறகு ஒரு வாரம் தலை எண்ணப்படும், அதிகம் பேர் ஏறுகிற வண்டிக்கே ஆறு மணி டிரிப், மற்றவருக்குப் பத்து மணி என்று போக்குவரத்து அதிகாரி சொல்லிவிட்டார். பத்து மணிக்குப் பாகூரிலிருந்து பட்டணம் போகிறவர்கள் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர்கள் மட்டுமே.

ஹம்சாவின் கவலை விசித்திரமானது. தகர டப்பா போன்ற அவருடைய பழைய வண்டி நிரம்பி வழிந்தது. சம்மந்தத்தின் மெத்தைகள் காலியாகப் போயின. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. தோற்றால் விதி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். காரணம் தெரியாமல் ஜெயித்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் தூக்கம் வராது.

அந்தோணிசாமி பதினைந்து நாள் ஹம்சாவின் வண்டியில் மூக்கில் கைக்குட்டையும் மடியில் நோட்டுமாகப் போய்வந்தார். அவர் பார்த்தது, தினமும் எல்லோரும் பார்ப்பதுதான். கிருமாம்பாக்கத்தில் எட்டு மீன்காரிகள் கூடைகளோடு நிற்பார்கள். கூடைகள் மேலே ஏறும், அவர்கள் உள்ளே ஏறுவார்கள். கண்டக்டர் தணிகைவேல் தூரத்தில் வரப்பில் ஒருவர் ஓடிவருவதைப் பார்த்து விசிலை வாயிலேயே வைத்திருப்பான். உடனே காசம்மாள் என்கிற மீன்காரியின் குரல் எழும்.

"அந்தாளு வேட்டி கட்டிகினு வர்றதுக்குள்ள எம் மீனு கருவாடாயிடும். ஊதுடா விசில."

தணிகைவேல் ஊதிவிடுவான். டிரைவர் டீக்கடைப் பக்கம் பார்வையைத் திருப்பினால், அவருடைய குடும்ப வரலாற்றைக் காசம்மாள் தாத்தாவிலிருந்து தொடங்குவாள். அப்பாவுக்கு வருமுன் வண்டி நகர்ந்துவிடும்.

அறிக்கை ஒரு மேஜைத் துணி அளவு காகிதத்தில் வந்தது. நடுவில் கோடு. இடப்புறம் பலம்: காலந்தவறாமை. ஏழு மணி மில் சங்குக்கு முன் வண்டி போய்ச் சேர்ந்துவிடுவதால் மில்காரர்களும் மேரி என்கிற நகராட்சி ஆபீஸின் குமாஸ்தாக்களும் இதிலேயே ஏறுகிறார்கள். இதற்குக் காரணம், முதலாளியின் ஒழுக்கமும் டிரைவர் முன்னால் மாட்டியிருக்கும் கடிகாரமும். வலப்புறம் பலவீனம்: ஒன்று, மீன் நாற்றம், இரண்டு, மீன்காரிகளின் கூச்சல். பலவீனத்தை நீக்கினால் பலம் இரட்டிப்பாகும் என்று அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அந்தக் கடிகாரம் போன சித்திரையிலேயே நின்றுபோனது. அதை ஹம்சா சொல்லவில்லை. தம்முடைய ஒழுக்கத்தைப் பற்றி முதன்முதலாக ஒருவர் எழுத்தில் கொடுத்திருக்கும்போது, கடிகாரத்தைப் பற்றிப் பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

மறுநாள் அவரே கிருமாம்பாக்கத்துக்குப் போய் நின்று, இனிக் கூடை ஏறாது என்றார்.

"இன்னா பாய், ஏழு வருசமா நாறாத மீனு இன்னிக்கா நாறுது?" என்றாள் காசம்மாள்.

தாமாகச் சொல்லவில்லை, முசியே அந்தோணிசாமி ஆராய்ந்து சொல்லியிருக்கிறார் என்று ஹம்சா இழுத்தார்.

"யாரு, தொப்பிக்காரரா? நேத்து ரெண்டு சங்கரா வாங்கினு போனாரே. அது இன்னா மல்லிப்பூவா?"

பின்னால் சம்மந்தத்தின் வண்டி வந்து நின்றது. காலி வண்டிக்கு நாற்றம் ஒரு பொருட்டல்ல. எட்டுக் கூடையும் அதில் ஏறின.

ஹம்சாவின் வண்டி முதல் இரண்டு நாள் சந்தனம்போல் இருந்தது. மூன்றாம் நாள் தணிகைவேல் வரப்பில் ஓடிவந்தவருக்காக நின்றான். நான்காம் நாள் அவர் ஓடவில்லை, நடந்து வந்தார். ஐந்தாம் நாள் டிரைவர் டீ குடித்தார்; குடித்தவர் நன்றாயிருக்கிறது என்று இன்னொன்றும் சொன்னார். வண்டிக்குள் இருந்த மில்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்புக்கு நகர்கிற வண்டி இன்னும் செய்யப்படவில்லை. ஒரு வாரத்தில் ஏழு மணிச் சங்கு அரியாங்குப்பம் பாலத்தில் இருந்தபடியே காதில் விழுந்தது. அதே நேரத்தில் சம்மந்தத்தின் டிரைவர் தம் தாத்தாவைப் பற்றிப் பல புதிய செய்திகளை அறிந்துகொண்டே பட்டணத்தைத் தொட்டிருந்தார். கார்த்திகை முடிவதற்குள் மில்காரர்களும் குமாஸ்தாக்களும் மெத்தைக்கு மாறிவிட்டார்கள். சந்தன வண்டியில் தணிகைவேலும் டிரைவரும் சௌகரியமாகக் கால் நீட்டி உட்கார்ந்து போனார்கள்.

பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கையில் ஹம்சா அறிக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தோணிசாமி வீட்டுக்குப் போனார். அவர் இல்லை. பட்டணத்தில் அவசர வேலையாம். எந்த வண்டியில் போனார் என்று ஹம்சா கேட்டார். சம்மந்தம் வண்டியில்தான், அதுதானே நேரத்துக்குப் போகிறது என்றாள் அந்தோணிசாமியின் மனைவி.

ஹம்சாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கிருந்து நேரே கிருமாம்பாக்கம் போனார். மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்து இறங்கிய காசம்மாளிடம், பழையபடி வரச் சொல்லிக் கேட்டார். சம்மந்தத்தின் வண்டி இருக்க, இறக்கிவிட்ட வண்டியில் ஏன் ஏற வேண்டும் என்று கேட்டாள்.

"அவுரு எங்கள எறக்கிவுட்டா வர்றேன் பாய். அவுரு ஏன் எறக்கப் போறாரு? உனக்காச்சும் கேக்கறதுக்கு ஒரு தொப்பிக்காரரு இருந்தாரு."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஹம்சா அந்தத் தொப்பிக்காரரையே நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் சம்மந்தம் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கு ஹம்சா போனார். சம்மந்தத்தின் காதுக்கு எட்டும் தூரத்தில், கடைக்காரரிடம் அந்தோணிசாமியை வானளாவப் புகழ்ந்தார். முசியே சொன்னதைத் தாம் அரைகுறையாகச் செய்ததால்தான் இந்தக் கதி. முழுதாகச் செய்திருந்தால் சம்மந்தம் தலையில் துண்டு போட்டிருப்பார். நல்ல வேளையாக அவருக்கு முசியேயைத் தெரியாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்மந்தத்துக்கும் பாவம், தம் வண்டி ஏன் திடீரென்று நிரம்பியது என்று தெரியாது. அவருக்கும் சில நாட்களாகத் தூக்கம் இல்லை.

சம்மந்தம் ஆள் அனுப்ப, அந்தோணிசாமி பத்து நாள் மெத்தையில் போய்வந்தார். இந்த முறை காகிதம் இன்னும் பெரியது. பலம்: காலந்தவறாமை. காரணம்: முதலாளியின் ஒழுக்கமும் மெத்தையும். பலவீனம் என்ன என்பதை எழுத அவர் யோசிக்கவே இல்லை; பழைய அறிக்கையின் நகல் கைவசம் இருந்தது.

பொங்கல் முடிந்து, தலை எண்ண அதிகாரி வந்த முதல் நாள், கிருமாம்பாக்கத்தில் சம்மந்தம் ஏற்ற மறுத்த எட்டுக் கூடையும் ரோட்டில் நின்றன. ஹம்சாவின் வண்டி கை காட்டாமலே நின்றது. ஹம்சாவே இறங்கி, காசம்மாளின் கூடைக்குத் தோள் கொடுத்து மேலே ஏற்றினார். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைத் துண்டால் தட்டிக் காட்டினார். அது இதுவரை கொம்மூன் பஞ்சாயத்துப் பெரிய மனிதர்கள் மட்டும் உட்கார்ந்த இடம்.

காசம்மாள் உட்கார்ந்தாள். நின்றுபோன கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரி ஒரு காலைப் படியில் வைத்து, மெதுவாகப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"யோவ், எழுதறத உள்ள வந்து எழுது. தணிகவேலு, ஊதுடா."

அதிகாரி ஏறினார். வண்டி நகர்ந்தது.