ஐந்தரை மணி ரீடிங்

கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றுக்கும் காரைக்குடிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான அன்று எடுத்த போட்டோவில் பதினான்கு பேர் நிற்கிறார்கள். அதில் பதிமூன்று பேர் அப்புறம் அந்த லேப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மிச்சமிருந்த ஒருத்தி செந்தாமரை. உற்பத்திப் பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியர், வயது நாற்பத்தொன்று. ஓரமாக நின்றதால் போட்டோவில் பாதி முகம்தான் விழுந்திருக்கிறது.

கம்பெனி ஒரு லேத் கொடுத்தது. மாணவர்கள் அதில் பம்புக்குள் சுழலும் தண்டான ஷாஃப்ட்டைக் கடைய வேண்டும். கை தேறியவர்களுக்குக் கம்பெனியிலேயே வேலை. கடைந்ததை அளந்து, மாலை ஐந்தரைக்குப் போன் போட்டு ரீடிங் சொல்வது செந்தாமரையின் பொறுப்பு. அந்தப் பக்கம் எடுப்பவர் கோபிநாத். காரைக்குடிப் பக்கத்துக் கண்டரமாணிக்கத்துக்காரர், பிழைக்கப் போன இடம் கோயம்புத்தூர். ரீடிங்கை எழுதி முடித்ததும் தவறாமல் ஒன்று கேட்பார்.

"அங்குட்டு மழை உண்டா மேடம்?"

"எங்கங்க. மேகம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு."

அவ்வளவுதான் பேச்சு. தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அவருக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள் உண்டு. ஆனால் கல்லூரியில் அவளிடம் பேசுகிறவர்கள் எல்லாம் வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க் என்று எதையாவது வாங்கிப் போகத்தான் பேசினார்கள். அம்மா இறந்த பிறகு கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் அவள் தனியாகக் குடியிருந்தாள். வீட்டுக்காரர்கள் கல்யாணம் காட்சி என்றால்தான் வருவார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் திங்கட்கிழமை காலை வரை அவள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. அதனால் ஒருவர் ஒன்றும் வேண்டாமல் மழையை விசாரிப்பது அவளுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. பதில் சொல்வதற்கென்றே தினமும் வானத்தைப் பார்த்து வைத்துக்கொள்வாள்.

மூன்று வருஷ ஒப்பந்தம் இந்த டிசம்பரோடு முடிகிறது. கடைசியாக நாற்பது ஷாஃப்ட் அனுப்ப வேண்டும். அது சரியாக இருந்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் லேத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். லேத் போனால் ஐந்தரை மணியும் போகும்.

இதற்கு நடுவில் ஆயுதபூஜை வந்தது. லேத்துக்கு, கம்ப்யூட்டருக்கு, ஸ்பேனருக்கு, சுவரில் தொங்கிய தீயணைப்பானுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. லேத் ஓட்டும் கடைசி வருஷப் பெண் பாண்டீஸ்வரிதான் கவனித்தாள்.

"மேடம், மாஸ்டருக்கு வைக்கலையே."

மாஸ்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஃகுத் துண்டு, சரியான அளவுக்குச் செய்தது. அதை அளக்கும் மேடையில் வைத்து டயல் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஷாஃப்ட்டை வைத்து அளப்பார்கள்.

"அதுக்குல்ல மொதல்ல வச்சிருக்கணும்," என்று செந்தாமரை தன் விரலாலேயே ஒரு பொட்டு வைத்தாள்.

லீவு முடிந்து எல்லாவற்றையும் துடைத்தார்கள். முதல் ஷாஃப்ட் பன்னிரண்டு மைக்ரான், தலைமுடியில் ஆறில் ஒரு பங்கு, சிறுத்துக் காட்டியதால் ஒதுக்கி வைத்தார்கள். அதற்கேற்ப லேத்தைத் திருத்தியதும் மற்றவையெல்லாம் கச்சிதமாக வந்தன. இரண்டு நாளில் நாற்பதும் தயார்.

"பிரமாதம் மேடம்," என்றார் கோபிநாத் போனில். "பாண்டீஸ்வரிக்கு வேலை உறுதின்னு சொல்லிருங்க. மழை உண்டா?"

"இல்லங்க."

சிரித்த முகத்தோடு மாஸ்டரைப் பெட்டிக்குள் வைக்கப்போனவள், அதன் அடிப்புறத்தில் லேசான மஞ்சளைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். சந்தனம்.

ஸ்பிரிட் தொட்டு மளமளவென்று துடைத்து, முள்ளைப் புதிதாகப் பூஜ்யத்தில் நிறுத்தி, கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக அளந்தாள். மாஸ்டர் சந்தனப் படலத்தின்மேல் ஏறி நின்றிருக்கிறது; பூஜ்யமே உயரத்தில் விழுந்ததால் சரியான ஷாஃப்ட் சிறுத்ததாகத் தெரிந்திருக்கிறது. ஒதுக்கி வைத்திருந்த முதல் ஷாஃப்ட்தான் சரியான அளவில் இருந்தது. திருத்திக் கடைந்த நாற்பதும் பன்னிரண்டு மைக்ரான் பருமன். பேரிங்குக்குள் நுழையாது.

பெட்டி காலையில் பஸ் பார்சலில் போக வேண்டும். பேசாமல் அனுப்பினால் அங்கே அளந்து பார்த்து, கடைந்த பெண் சொதப்பிவிட்டாள் என்பார்கள். பொட்டு வைத்த விரலை யாரும் கேட்கப்போவதில்லை. சொன்னால் பழி தன் மேல். எப்படிப் பார்த்தாலும் ஒப்பந்தம் போய்விடும். பாண்டீஸ்வரியின் வேலைக்கு முன்னால் செந்தாமரைக்கு மழைக் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

போனை எடுத்தாள்.

"என்ன மேடம், மறுபடியும் கூப்பிடுறீக?"

எல்லாவற்றையும் சொன்னாள். தன் விரல் என்பதையும் சொன்னாள். கோபிநாத் சிரித்துவிட்டார்.

"சாமி கும்பிட்டது ஒரு குத்தமா மேடம்? பெருசாத்தானே இருக்கு, இங்க கிரைண்டிங்ல எடுத்துரலாம். சிறுத்துப் போயிருந்தாத்தான் கஷ்டம். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. நான் மேல பேசுறேன்."

இரண்டு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது வாரம் கல்லூரி முதல்வர் காசிவிஸ்வநாதன் கடிதத்தோடு லேபுக்கே வந்துவிட்டார். ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷம். பாண்டீஸ்வரிக்கு வேலை. கூடவே ஸ்வீட் டப்பா, இன்னொரு போட்டோ. இந்த முறை செந்தாமரையை நடுவில் நிறுத்தினார்கள்.

அன்று ஐந்தரைக்கு கோபிநாத்தே கூப்பிட்டார், குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கடிதம் பாத்தீகளா மேடம்? உங்க நேர்மையை எம்.டி.கிட்ட எடுத்துச் சொன்னேன். இனிமே இந்த வம்பே வேணாம்னு புது அளவு மெஷின் ஒண்ணும் வாங்கிக் குடுத்துருக்கேன். ஷாஃப்ட்டை வச்சாப் போதும், ரீடிங் தானா எங்க கம்ப்யூட்டருக்கு வந்துரும். தெனமும் போன் போடுற தொல்லை உங்களுக்கு விட்டுச்சு."

"ரொம்ப நல்லதுங்க," என்றாள் செந்தாமரை.

அவசரத்தில் அவர் மழையை விசாரிக்க மறந்துவிட்டார்.

மெஷின் அடுத்த திங்கட்கிழமை வந்து இறங்கியது. ஐந்தரைக்கு அதன் திரையில் அன்றைய ரீடிங் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பச்சை விளக்கு எரிந்தது. செந்தாமரை லேபைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. போனைக் கையில் எடுத்து, சொல்வதற்கு ரீடிங் ஒன்றும் இல்லாததால் பையிலேயே போட்டுக்கொண்டு, கோட்டையூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.