ஐந்நூறு திரும்பி வந்த காரணம்

பணத்தைப் போய்ச் சேரவிடாமல் செய்வதுதான் வங்கியின் மூன்றாவது மாடியில் அவருக்கு வேலை. அனுப்பிய தொகை எதிர்முனையில் நுழைய முடியாமல் திரும்பினால், காசு குறையாமல், சரியான காரணத்தோடு அனுப்பியவர் கணக்குக்கே வந்து விழுகிறதா என்று புதிய மென்பொருளைச் சோதிப்பார். கணக்கு எண் தப்பு, கணக்கு மூடப்பட்டது என்று இருபத்திரண்டு காரணங்கள். பதினேழாவது, பெறுபவர் இறந்துவிட்டார்.

சோதனைக்குப் போலி வாடிக்கையாளர்கள் வேண்டும். முகவரி, கைபேசி எண் என்று கற்பனை செய்து அலுத்துப்போய், மனப்பாடமாக இருந்த சொந்தக் குடும்பத்தையே இறக்கிவிட்டார். ஐந்நூறு ரூபாய் அனுப்புபவர் மனைவி. கணக்கை மூடியவர் மைத்துனர். செத்தவர் வேடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்க மனம் வராமல் தானே எடுத்துக்கொண்டார்.

சோதனைக் குறுஞ்செய்திகள் வெளியே போகாதபடி ஒரு தடுப்பு உண்டு. அன்று காலை யாரோ அதைத் திறந்தார்கள், மூடவில்லை. அவரும் பார்க்கவில்லை.

பதினேழாவதை ஓட்டி, 'தேறியது' என்று குறித்து அரை மணி ஆகியிருக்காது. வாசல் காவலாளி மேசைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், உங்க வீட்டம்மா கீழ நிக்கிறாங்க. நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

தையல்கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் யாரோ வாடிக்கையாளருடையது. அவரைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, நாடாவால் தோளில் ஒன்று வைத்தாள்.

"பதினாலு தடவை போன் பண்ணேன்!"

"போனை உள்ள கொண்டுபோக விடமாட்டாங்கம்மா. நீ எனக்கு ஐந்நூறு அனுப்பவே இல்லையே, அப்புறம் ஏன் நம்பினே?"

"செத்துட்டார்னு போட்டிருக்கு. அதுக்கு மேல கணக்கா பாக்கத் தோணும்? போன வருஷம் நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

"வேலைக்காக என்னை நானே சாகடிச்சுக்கிட்டேன்."

"வேற ஆளே கிடைக்கலையா? எங்க அண்ணன் இல்ல?"

"அவர் கணக்கை ஏற்கெனவே மூடியாச்சு."

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைபேசியை நீட்டினாள்.

"இதை எழுதினவன் வீட்டுல யாரும் செத்ததே இல்லையா? ரயில் நேரம் சொல்ற மாதிரி சொல்றான்."

படித்தார். 'ரூ.500 திரும்பியது. காரணம் 17: பெறுபவர் இறந்துவிட்டார்.' நாற்பது முறை ஓட்டிய செய்தி. தொகை, தேதி, குறிப்பு எண் எல்லாம் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

மேலே மேலாளர் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். "பணம் சரியா திரும்புச்சா?"

"திரும்புச்சு."

"அப்ப தேறிடுச்சு. போடுங்க."

"தேறல. தடுப்பு திறந்திருந்தது, அது என் தப்பு, எழுதிக் கொடுக்கறேன். ஆனா இந்த வாசகம் இப்படியே வெளிய போகக் கூடாது."

"ஒரு வாரம் தள்ளிப்போகும். உங்க தலையிலதான் விடியும்."

"விடியட்டும்."

'தேறவில்லை' என்று மாற்றினார். கீழே எழுதினார்: 'இந்தத் தொகையைச் சேர்க்க இயலவில்லை. முழுத் தொகையும் உங்கள் கணக்கில் பத்திரமாக உள்ளது. விவரத்துக்குக் கிளையில் ஒருவர் உங்களோடு பேசுவார்.' பிறகு குடும்பத்தைப் பட்டியலிலிருந்து ஒவ்வொருவராக அழித்தார். கடைசியாகத் தன்னை.

மாலையில் கைபேசியைத் திறந்தால், நிஜமாகவே ஐந்நூறு வந்திருந்தது. மனைவிதான். கூடவே கேள்வி: "சேந்துச்சா?"

"சேந்துச்சு" என்று அனுப்பினார்.

"அப்ப வரும்போது வெள்ளை நூல் நாலு வாங்கிட்டு வாங்க. மீதியைத் திருப்பித் தந்துடணும்."