மதிவதனியின் பெயரில்

எங்கள் நிறுவனத்தில் பாரலல் லைப்ரரி என்று யாராவது வாயைத் திறந்தால் அடுத்து என் பெயர்தான் வரும். ஒரு பெரிய வேலையைப் பல துண்டாக்கி, கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் செய்ய வைக்கிற ஆயத்த நிரல் அது. சென்னை ஆபீசில் இருப்பவர்களுக்கே அதைப் பற்றி வகுப்பெடுத்தவன் இந்த இளஞ்செழியன். "லாக் போடாம பொது எண்ணத் தொட்டீங்கன்னா விரல ஒடச்சிடுவேன்" என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். பெரிய இவன் நான்.

லாக் என்றால் பூட்டுதான். பலகையில் ஐம்பது என்று எழுதியிருக்கிறது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் அதைப் பார்க்கிறார்கள். ஒருவன் ஐந்தைக் கூட்டி ஐம்பத்தைந்து என்று எழுதுகிறான். மற்றவன், தான் பார்த்த ஐம்பதோடு மூன்றைக் கூட்டி, அதன் மேலேயே ஐம்பத்துமூன்று என்று எழுதிவிடுகிறான். முதல் ஆள் கூட்டிய ஐந்து போயே போச்சு. ஒருவன் எழுதி முடிக்கும்வரை அடுத்தவனை நிறுத்தி வைப்பதுதான் லாக். அதனால் வேலை கொஞ்சம் தாமதமாகும்.

அந்தத் தாமதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்போது எங்கள் குழுவின் கையில் இருந்தது, ஒரு தனியார் பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வுக்கு மதிப்பெண் கூட்டுகிற புரோகிராம். ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று டீம் லீட் சக்கரவர்த்தி முணுமுணுத்தார். "ஒரு மணி நேரம் குடுங்க சார், பறக்க விடறேன்" என்றேன். லாக்கை எடுத்தேன். நாலைந்து தாள்களைப் போட்டுப் பார்த்தேன், கூட்டல் சரியாக வந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவனுக்கு அதற்கு மேல் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அனுப்பப்போகும் நேரத்தில் வீட்டில் கரண்ட் போனது, பேட்டரி செத்த என் லேப்டாப்பும் அணைந்தது. நாலு வரிதானே என்று மதிவதனியின் லேப்டாப்பை இழுத்து, அதே திருத்தத்தை அதில் செய்து அனுப்பிவிட்டேன். அது அவள் பெயரில் பதிவாகும் என்று தெரியும். ஒரே வீடுதானே என்று அலட்சியம்.

மதிவதனி என் மனைவி. அதே நிறுவனம், அதே குழு. குழந்தைக்காக மூன்று வருஷம் வேலையை விட்டிருந்தவள், அலையாய் அலைந்து மறுபடி சேர்ந்திருந்தாள். இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. அவளை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசியில் சக்கரவர்த்தி சொல்ல வேண்டும்.

உண்மையான விடைத்தாள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே போனதும் குட்டு உடைந்தது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒவ்வொரு மொத்தம் வந்தது. நன்றாக எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைந்து, பெற்றோர் பயிற்சி மையத்தில் போய் நின்றார்கள். மறுநாள் காலை வீடியோ மீட்டிங். செங்கம் ரோட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடியறையில், ஒரே மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"லாக்க எடுத்தது உங்க பேர்ல இருக்குது மதிவதனி," என்றார் சக்கரவர்த்தி. "நீங்க செஞ்சதா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சலில்லை, சும்மா பார்த்தாள். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? குழுவில் அத்தனை பேரும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. மேசையில் இருந்த டீ டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சீ, என்ன பிழைப்பு.

"ஆமா சார்," என்றாள்.

"அப்ப உங்கள கன்பார்ம் பண்ணச் சொல்லி நான் எழுத முடியாதுங்க. சாரி."

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது.

"சார், அத நான் செஞ்சேன். என் லேப்டாப் ஆஃப் ஆயிடுச்சு, அவங்களுதுல இருந்து அனுப்பினேன்."

சக்கரவர்த்தி சிரித்தார்.

"செழியன், லாக்னா என்னான்னு உங்ககிட்ட கத்துக்கிட்டவன் நானு. நீங்க போய் இதச் செய்வீங்களா? பொண்டாட்டிக்காகப் பழிய ஏத்துக்கறீங்க. நல்ல மனுஷன்யா நீங்க."

"இல்ல சார், நெஜமாவே நான்தான்..."

"போதும், விடுங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஜாஸ்தி பேசி அவங்களுக்கு இன்னும் சங்கடத்தக் குடுக்காதீங்க."

திரையில் ஒவ்வொரு முகத்துக்கும் மேலே இதயக் குறிகள் பறந்தன. மூன்றாவது முறை நான் வாய் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், நல்ல மனுஷன் என்று கேட்டபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது.

மீட்டிங் முடிந்தது. அவள் லேப்டாப்பை மூடினாள்.

"நான் சொன்னேனே மதி, அவருதான் நம்பல."

"சொன்னீங்க. நான் ஆமான்னு சொன்னதுக்கு அப்பறம் சொன்னீங்க."

அவள் போன் ஒலித்தது. குழுவில் இருக்கும் ஆர்த்தி மெசேஜ் அனுப்பியிருந்தாள். மதி படித்து ஏதோ தட்டிவிட்டு, நானும் படிக்கட்டும் என்று மேசை மேல் என் பக்கமாகத் தள்ளினாள். 'இப்படி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டி.'

அவளது பதிலும் அதற்குக் கீழேயே இருந்தது. 'ஆமா' என்று போட்டிருந்தாள்.